சிரிப்புக்கு இடம்

கல்வர் சிட்டி, ஏழாம் எண் பங்களா.
ஐந்து எழுத்தாளர்கள், ஒரு மின்விசிறி,
தட்டச்சுக்கு நான், ஆக்னஸ் வோய்ச்சிக்.
ஸ்லாட்கின் மட்டும் உட்கார்ந்து எழுதமாட்டார்.
தொப்பியைக் கழற்றாமல் நடப்பார்.
எதிரே இல்லாத ஒருவனிடம் பேசுவார்,
பிறகு அவனாகவே திரும்பி நின்று
பதில் சொல்வார்.
இரண்டு பேரையும் நான் அடிப்பேன்,
காகிதத்தில்தான்.

வேடிக்கை ஒன்று விழுந்ததும்
"இங்கே ஆறு புள்ளி வை" என்பார்.
புள்ளி எதற்கு?
"சிரிப்புக்கு இடம்.
நாற்காலி போடாமல்
விருந்தாளியைக் கூப்பிடுவாயா?"

பதினெட்டு வருடம் ரயிலில் குடியிருந்தவர்.
ஸ்க்ரான்டன், அல்டூனா, டெர்ரெ ஹோட்.
பாதி வாரம் ஓர் ஊர், மீதி அடுத்த ஊர்,
நாளுக்கு மூன்று காட்சி.
இவர்களுக்கு முந்தைய உருப்படி கடல்சிங்கங்கள்.
மேடையெல்லாம் ஈரம், மீன் வாடை.
முதல் நாள் கூட்டாளி ராஃபர்ட்டி அதில் வழுக்கி விழுந்தார்.
மறுநாளிலிருந்து
விழுவதற்குத்தான் சம்பளம்.

திங்கள் மதியக் காட்சி முடிந்தால்
கதவிடுக்கில் மேலாளரின் துண்டுச் சீட்டு வரும்:
"நரகம் என்ற சொல் வேண்டாம்.
மாமியார் இருக்கட்டும்."

நிலக்கரி ஊர்களில்
முதலில் இருமல், அப்புறம்தான் சிரிப்பு.
இருமலைச் சிரிப்பென்று நம்பி
அடுத்த வரிக்குத் தாவியவர்கள்
இரவு வண்டியிலேயே ஊர் திரும்பினார்கள்.

ராஃபர்ட்டி
கத்தி வீசும் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு
பலகையில் நிற்கப் போய்விட்டார்.
டொலீடோவிலிருந்து ஒரு தபால் அட்டை:
"காது நுனி போனது. மற்றபடி சுகம்."

பாதி உரையாடலை மட்டும் வைத்துக்கொண்டு
ஒருவன் என்ன செய்வான்?
மறுபாதியை எழுதினார்.
எழுதியதை அடுத்தவருக்கு விற்றார்,
நிமிடத்துக்கு ஐந்து டாலர்.
நியூ ஹேவனில் ஒரு நாடகம்
இரண்டாம் அங்கத்தில் செத்துக்கொண்டிருந்தது.
கடைசி வரிசையில் அமர்ந்து
சலவைக் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில்
அதற்கு மூச்சு எழுதிக் கொடுத்தார்.
நிகழ்ச்சிநிரலில் பெயர் இல்லை.
அடுத்த நாடகத்தில் இருந்தது, பிழையோடு.
ஸ்காட்லின் என்ற அந்த ஆளுக்கு
இருநூற்று எழுபது இரவு கைதட்டினார்கள்.

படம் பேசக் கற்ற வருடம்
வாய் உள்ளவர்களையெல்லாம் மேற்கே ரயிலேற்றினார்கள்.
இவரையும்.

தயாரிப்பாளர் கெஸ்லிங்குக்குப் புள்ளிகள் ஆகாது.
"நொடிக்கு ஒன்றரை அடி பிலிம்.
ஒருவரும் பேசாததற்கு
நான் காசு கொடுக்கமாட்டேன்."
வெட்டினார்கள்.

முன்னோட்டக் காட்சி பொமோனாவில்.
பழைய மேடைக் கொட்டகைதான்,
மேடைமேல் இப்போது வெள்ளைத் துணி.
வங்கிக் கவுன்ட்டரில் இரண்டு பேர்.
முதல் வேடிக்கைக்குக் கூரை அதிர்ந்தது.
அந்த அதிர்ச்சிக்குள்
இரண்டாவது வரி மூழ்கிப்போனது.
மூன்று வாரம் அவர் நடந்து நடந்து
கண்டெடுத்த வரி.
எனக்கு மனப்பாடம். எனக்கே கேட்கவில்லை.

ஸ்லாட்கின் இருட்டில் எழுந்து நின்றார்.
திரையைப் பார்த்துக் கையுயர்த்தினார்,
பொறு, பொறு என்று.
அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள்.
பின்னாலிருந்த ஒருவர் சொன்னார்,
"உட்காருய்யா, மறைக்குது."

மறுநாள் காலை தொப்பியோடு வந்தார்.
"ஆக்னஸ், இனிமேல் புள்ளி வேண்டாம்.
இப்படி அடி:
அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறான்.
கோட்டுப் பை. கால்சட்டைப் பை. மறுபடியும் கோட்டுப் பை."

கெஸ்லிங் மறுக்கவில்லை.
தேடுவது நடிப்பாயிற்றே, அதற்குக் காசு உண்டு.
அதன்பின் அவர் எழுதிய பதினோரு படங்களிலும்
யாராவது ஒருவருக்குக் கண்ணாடி தொலைந்தது.
ஒரு படத்தில் பாதிரியாருக்கு.
ஒரு படத்தில், கண்ணாடியே போடாத குத்துச்சண்டைக்காரனுக்கு.

அவர் போய் எத்தனையோ வருடம் கழித்து,
ஃப்ரெஸ்னோவில், மழை நாள் மதியம்,
அவற்றில் ஒன்றைப் போட்டார்கள்.
கொட்டகையில் நாங்கள் நான்கு பேர்.
வேடிக்கை விழுந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
திரையில் அந்த மனிதர்
அவசரமே இல்லாமல்
கோட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.
நடுவரிசையில் யாரோ இருமி முடித்தார்.

நான் சிரிக்கும்வரை
அவருக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை.